பூனைப் பாவம்

“மனுஷங்களுக்கே ஊசி போட நர்ஸைத் தேடுறோம். நீ கம்ப்யூட்டர் படிச்சிட்டு பூனைக்கு டிரிப் ஏத்தப் போறியாக்கும்?” என்று மேல்மாடி அக்கா கேட்டார்.

கிண்டல்தான். ஆனால் அதில் சந்தேகமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்தி. நான் எதைச் செய்தாலும், பெங்களூர் தொம்மலூரில் எங்கள் சந்து அதை என் படிப்போடு சேர்த்துத்தான் எடைபோடும்.

ஏற்றினேன். எங்கள் பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது, குணமாகாது, தள்ளிப்போடத்தான் முடியும் என்று டாக்டர் சொன்ன அன்றே கற்றுக்கொண்டேன். ஜன்னல் கம்பியில் ஹேங்கரை மாட்டிப் பாட்டிலைத் தொங்கவிட்டு, பூனையின் தோள்பட்டைத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். அம்மா பூனையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முடிந்ததும் ஏறிய தண்ணீர் தோலுக்கடியில் சிறு திமிலாகப் புடைத்து நிற்கும். பூனை கோபித்துக்கொண்டு துவைத்து மடித்த துணிமேல் போய்ப் படுத்துவிடும்.

ஒரு வருஷத்துக்குமேல் அப்படி ஓடியது. ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தால், நானே தேர்வில் தேறியதுபோல் மேல்மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இந்த மழைக்காலத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வாயெல்லாம் புண். வேகவைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகும். தண்ணீர்க் கிண்ணத்தருகே தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருக்கும், குடிக்காது.

அம்மா, தான் ஹவுஸ்கீப்பிங் செய்யும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். கூடை முழுவதையும் தன் பழைய புடவையால் மூடியிருந்தாள். டாக்டரின் மேசையில் பூனை கர்ர் கர்ர் என்றது. வலியிலும் பூனைகள் அப்படிச் சத்தமிடும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அவர் எப்போதும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அன்று என்னைப் பார்க்காமல் அம்மாவிடமே கன்னடத்தில் பேசினார். “இன்னு கஷ்ட கொடபேடி அம்மா.” இதற்குமேல் அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று. அம்மாவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு.

தூங்க வைக்க ஓர் ஊசி, பிறகு மூச்சை நிறுத்த இன்னொன்று. அதற்கு வீட்டார் சம்மதம் எழுதித்தர வேண்டும். தாளை எங்கள் முன் வைத்துவிட்டு, யோசிக்கச் சொல்லி வெளியே போனார்.

“நான் போடுறேன். கைநாட்டு செல்லும்ல?” என்றாள் அம்மா.

“எம்மா, நான்தான் இருக்கேன்ல.”

“பூனைப் பாவம் சும்மா விடாதுடி. தங்கத்துல பூனை செஞ்சு காசியில தானம் குடுத்தாலும் தீராதும்பாங்க. நீ நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய் புள்ள பெத்துக்க வேண்டியவ. எங்காலம் ஓடிப்போச்சு. எம்மேல இருக்கட்டும்.”

“பாவம் இல்லம்மா. வலிய நிறுத்துறோம், அவ்வளவுதான்.”

“இதையும் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?”

பூனை புடவை மடிப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தது. அம்மா ஒற்றை விரலால் அதன் காதோரம் நீவினாள்.

“சோறு போட்டவ நானு. அதோட கணக்கு எங்கிட்டதான் முடியணும்.”

என் மார்க் அட்டைகளில் எல்லாம் அம்மாவின் கைநாட்டுதான் இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, என்னை நம்பி வைத்தவை. இந்தத் தாளில் இருப்பது என்ன என்று அவளுக்கு முழுதாகத் தெரியும். தெரிந்துதான் விரலை நீட்டுகிறாள்.

எனக்குப் பாவத்தில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. நான் போட்டால் அது வெறும் கையெழுத்து. அவள் வைத்தால், சாகும்வரை அது அவளோடு படுத்து அவளோடு எழுந்திருக்கும்.

அம்மா கூடையை என் பக்கம் நகர்த்திவிட்டு, கவுண்டரில் மை கேட்கப் போனாள். அங்கே இருந்த பெண்ணிடம் கன்னடத்தில் அவள் மை டப்பாவைப் பற்றி விசாரிப்பது கேட்டது.

இடது கட்டைவிரலில் நீல மையோடு அவள் திரும்பி வந்தபோது, நான் கையெழுத்துப் போட்டுத் தாளை டாக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தேன். பூனை என் மடியில் இருந்தது.