டிரம்ஸுக்குப் பதில் பஸ் டிக்கெட்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான்தான் அறிவிப்பாளர். பாடுகிறவர்களைப் பெயர் சொல்லி அழைப்பேன். வாத்தியக்காரர்களுக்கு 'கிடார்', 'டிரம்ஸ்' என்பதோடு சரி, அதுதான் வழக்கம். கிடார்க்காரருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றிக்கு மேலே அலையாகத் தூக்கி வாரிய முடி. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சீப்பை எடுத்து அந்த அலையை ஒருமுறை சரிசெய்துகொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் மந்தைவெளியில் ஒரு கல்யாண வரவேற்பு. டிரம்ஸ்காரர் வரவில்லை. பெண்ணின் அப்பா எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். கிடார்க்காரர் சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து, கிடார் கம்பிகளுக்கு நடுவே செருகினார். வாசித்தபோது பாட்டோடு சேர்ந்து 'சடக் சடக்' என்று டிரம்ஸும் கேட்டது! பந்திக்குப் போய்க்கொண்டிருந்த தவில்காரர் திரும்பி வந்து தானும் சேர்ந்துகொண்டார். பெண்ணின் அப்பாவின் கால் தாளம் போட்டது.

மேடையிலிருந்து இறங்கியதும், "எங்க சார் கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டேன்.

"இதாம்பா ராக் அண்ட் ரோல். இது இன்னான்னே யாருக்கும் தெரியாத காலத்துல வாசிச்சவன் நானு. ஓட்டல்ல வாசிச்சப்போ, இன்னா சத்தம்னு தொரத்திட்டாங்க. இன்னிக்குப் பாத்தியா நைனா, தவிலே கூட வருது!"

"அடுத்த தடவை உங்க பேரைச் சொல்லிடறேன் சார்."

"பேரு இன்னாத்துக்கு? இன்னா வாசிக்கிறேன்னு சொல்லு, போதும்."

அடுத்த முகூர்த்தத்தில், "ராக் அண்ட் ரோல் கிடார்!" என்று அறிவித்தேன். அவர் சீப்பை எடுத்து வாரினார். பையில் போட்டவர், மறுபடியும் எடுத்து இன்னொரு தடவை வாரிக்கொண்டார்.