எட்வினின் ஊரில் ஒரு மௌனக் கூட்டம்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, நாங்கள் வசிக்கும் மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம். வடக்கே எழுபது கிலோமீற்றர். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவர் சிவநேசன். இரவு பெய்த பனி வழியெங்கும் குவிந்து கிடந்தது. என் பயம் பனியைப் பற்றியதல்ல.

எட்வின் என்ற காலஞ்சென்ற வங்கியாளரை அவர் பிறந்த ஊர் அன்று நினைவுகூர்ந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். ஊருக்கு நூலகம் கட்டிக்கொடுத்தவர். தன் வீட்டில் அகதிகளைத் தங்கவைத்தவர். கனடாவில் தன் முதல் குளிர்காலத்தைச் சிவநேசன் அந்த வீட்டில்தான் கழித்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகவில்லை.

குவேக்கர் கூட்டத்தில் பாட்டில்லை, பாதிரியாரில்லை. ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். மனம் உந்தினால் யாராவது எழுந்து பேசலாம். சிவநேசனோ இலங்கையில் இராணுவத்தின் இருட்டறையில் அடைபட்டிருந்தவர். சத்தமில்லாத அறையில் அவருக்கு மூச்சு முட்டும்.

"ஒரு மணித்தியாலம் அப்பிடி இருக்க ஏலுமோ உங்களுக்கு?" என்று வழி முழுக்கக் கேட்டபடி இருந்தேன்.

"றோட்டைப் பாத்துக் காரை ஓடும்" என்றார்.

ஒன்பதரைக்கு ஊர் வந்தது. ஒரே கடைத்தெரு. எட்வினின் வங்கி இருந்த கட்டடத்தில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறார். அதற்கப்பால், பலகையால் கட்டிய வெள்ளை மண்டபம். வாசலில் எட்வினின் மகள் எங்களை வரவேற்றார். எழுந்து போக வசதியாக, கதவோரத்து வாங்கில் நாங்கள் உட்கார இடம் பிடித்தேன்.

மௌனம் தொடங்கியது. ஒருவர் எழுந்து நூலகத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. சிவநேசன் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெளியே போவோமா என்று கிசுகிசுத்தேன். அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். ஆனால் அவர் கதவுப் பக்கம் திரும்பவில்லை. தமிழில் பேசினார்:

"எல்லாரும் என்னட்டைக் கேள்வி கேட்டவை. ஆமிக்காரர் கேட்டவை, இஞ்சை குடிவரவு ஒபிசர்மாரும் கேட்டவை. இந்த மனுசன் ஒண்டும் கேக்கேல்லை. விடிய வந்து குசினியிலை, அடுப்படிக்குக் கிட்ட, எனக்குப் பக்கத்திலை இருப்பார். அவ்வளவுதான்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மௌனம் தொடர்ந்தது. அவர் கடைசிவரை இருந்தார்.

தேநீர் வேளையில் எட்வினின் மகள் என்னிடம் வந்து, உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்கள் கலங்கின. சிவநேசன் அங்கே தங்கியிருந்தது தன் தாய் இறந்த குளிர்காலம் என்றார். அப்பாவுக்கும் அந்த நாட்களில் தனியே இருக்க முடியவில்லையாம்.

திரும்பும் வழியில் இதைச் சிவநேசனிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். என்ன யோசிக்கிறீர்கள் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு முன்னால் வரும் மார்க்கம் நகரத்து வீடுகள் தெரியத் தொடங்கியபோது, எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த இருட்டறையைப் பற்றி அவராகவே சொல்லத் தொடங்கினார். நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.