பீட்டர் கலந்தது, வின்சென்ட் கலந்தது

அந்தமானில், டாலிகஞ்சில் ஏசி ரிப்பேர் பார்க்கும் வின்சென்ட்டுக்குப் பொறாமை என்பது ஜலதோஷம் மாதிரி. அடிக்கடி வரும், தானாகப் போகும். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கினால் இரண்டு நாள் வயிறு எரியும். கோயில் திருவிழாவுக்கு வேறொருவன் சீரியல் லைட் கட்டினால் பூசை முடிகிறவரை நிமிர்ந்தே பார்க்க மாட்டான். நல்ல மனுஷன்தான், யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அடுத்தவனுக்கு நல்லது நடந்தால் மட்டும் கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போகும், அவ்வளவுதான்.

பீட்டர் விஷயம் அப்படி லேசில் போகிறதில்லை. பீட்டர், வின்சென்ட்டின் மனைவி ஜோஸ்லினுக்கு அத்தை மகன். சர்ச் சாமியாரிடம் சொல்லி, சொந்தத்தில் கட்ட அனுமதி வாங்கி இரண்டு பேருக்கும் கட்டி வைப்பதாகத்தான் பெரியவர்கள் பேசியிருந்தார்கள். அதற்குள் பீட்டர் இத்தாலிக்காரர்களின் சுற்றுலாக் கப்பலில் பார் வேலைக்குப் போனான். போனவன் வருகிற வழியாக இல்லை. ஜோஸ்லினை வின்சென்ட் கட்டினான். மகள் மெயின்லேண்டில் காலேஜ் சேர்ந்த பிறகும் அவனுக்குள் ஒரு கேள்வி அப்படியே கிடந்தது: பீட்டர் வந்திருந்தால் இவள் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாளா? வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியமில்லை.

இப்போது பீட்டர் கப்பலை விட்டுவிட்டு வந்து அதே தெருவில் வீடும் கட்டிவிட்டான். வீடு மந்திரிப்பு அன்று சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும், சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு பானம் கலந்தான். கிளாஸ் நிறைய ஐஸ். காம்பாரி என்கிற செக்கச்செவேலென்ற கசப்பு மது கொஞ்சம். அதே அளவு வெர்மூத், அது இனிப்பு ஒயின். மேலே சோடா, ஓரத்தில் ஓர் ஆரஞ்சுத் துண்டு.

“இதுக்குப் பேரு அமெரிக்கானோ. பேருதான் அமெரிக்கா, பொறந்தது இத்தாலி. சாப்பாட்டுக்கு முந்திக் குடிச்சா நல்லாப் பசிக்கும்” என்றான் பீட்டர்.

ஜோஸ்லின் கிறிஸ்துமஸ் ஒயினையே உதட்டை நனைத்துவிட்டு வைக்கிறவள். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். “நல்லாருக்கு அத்தான்” என்றாள்.

வின்சென்ட்டுக்குக் காதில் புகை வந்தது. நல்லாருக்கு என்றது ஒன்று, அத்தான் என்றது இன்னொன்று. தன்னை அவள் அன்றைக்கும் இன்றைக்கும் ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் ஆசையாகச் சமைத்த நண்டில் உப்பு ஜாஸ்தி. அவன் எடுத்துவந்த சேலை சாயம் போகும். அவன் மாட்டிய ஃபேனில் சத்தம் வருகிறது. ஒரு தடவையாவது நல்லாருக்கு வந்ததா? அன்றைய பிரியாணி அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பானத்தைத் தானும் கலந்து, அதே வார்த்தையை அவள் வாயால் வாங்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தான். அபர்டீன் பஜாரில் காம்பாரி கேட்டதற்கு, மதுக்கடைக்காரர் “வோ கியா சீஸ் ஹை?”, அது என்ன சரக்கு என்று அவனையே திருப்பிக் கேட்டார். கடைசியில் ஹாவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ஐஸ் மெஷின் பழுது பார்க்கப் போனபோது, பார் பையன் அருண்பிரசாத்திடம் கேட்டான்.

“அரே வின்சென்ட் பாய், நீங்க ரம் பார்ட்டியாச்சே!”

“எனக்கில்ல. வீட்டுக்கு.”

அருண்பிரசாத் சிரித்துக்கொண்டே, அடியில் மிச்சமிருந்த இரண்டு பாட்டில்களையும் மேலாளரிடம் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தான். “போட்டுக் கலக்காதீங்க, சோடா செத்துப்போகும். ஸ்பூன ஒரு சுத்து, போதும்” என்றான்.

சரக்குக் கப்பல் தாமதமாகிப் பஜாரில் ஆரஞ்சே இல்லை. அலைந்து திரிந்து, வாடிப்போன ஒன்றைப் பிடித்தான். ஐஸ் விஷயத்தில் எந்த இத்தாலிக்காரனும் தன் கிட்டே வர முடியாது என்பது அவன் எண்ணம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, மறுபடி காய்ச்சி, கண்ணாடி போலத் தெளிந்த கட்டிகளாக உறைய வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மீன் பொரிக்கப் போனவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். கிளாஸ் இரண்டு வைத்தான். சிவப்பு, இனிப்பு, சோடா, ஒரே ஒரு சுற்று. ஒன்றை அவளிடம் நீட்டினான்.

ஜோஸ்லின் ஒரு வாய் குடித்தாள். முகம் எட்டுக் கோணலாகப் போனது.

“யப்பா! என்னங்க இது, இப்படிக் கசக்குது? கஷாயமா?”

வின்சென்ட்டுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. இத்தனை நாள் அடக்கி வைத்தது வெடித்தது. “பீட்டரு குடுத்தா நல்லாருக்கு, நான் குடுத்தா கஷாயமா? ரெண்டும் ஒரே சரக்குதானடி!”

“அதுவும் இதே கசப்புதான்.”

“அப்ப ஏன் நல்லாருக்குன்ன?”

“வீடு மந்திரிப்பு அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி ஆசையா நீட்டுறாரு, கசக்குதுன்னா சொல்ல முடியும்? கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன். அத்தானுக்குச் சின்ன வயசுலயிருந்தே ஒரு குறை சொன்னா ஆகாது, மூஞ்சியத் தூக்கிருவாரு. அவரக் கட்டியிருந்தா நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லியே என் காலம் போயிருக்கும்.” கிளாஸை அவன் பக்கம் தள்ளினாள். “கசந்தா கசக்குதுன்னு சொல்ல எனக்கு நீங்க ஒரு ஆளுதான இருக்கீங்க?”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எழுந்து மீனைப் பார்க்கப் போனாள். வின்சென்ட்டுக்கு நண்டும் சேலையும் ஃபேனும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தக் குறையெல்லாம் அவள் தன்னிடம் மட்டும் சொன்னது என்று இப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் தன் கிளாஸையும் அவள் கிளாஸையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்து முடித்தான்.

பிறகு மெல்ல அவன் முகம் சுருங்கியது. எழுந்து சமையற்கட்டு வாசலில் போய் நின்றான்.

“ஏய் ஜோஸ்லின், நேத்து அந்த மீன்காரன்கிட்ட மீன் நல்லாயில்லன்னு சொன்னியே, அது எதுக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதில் வருகிறவரை அங்கேயே நின்றான்.