நான் அடித்த 'வெல்'

எனக்கு இருப்பது போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஒன்றே ஒன்று. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டுக்கு எதிரே காலி இடத்தில் நிற்கும். அது நிற்கக் கூடாது. வண்டி நின்றால் அதில் வேலை செய்கிற ஆட்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருஷம் ஏஜெண்டுகள் பிடித்துக் கொடுத்த இடத்தில்தான் போர்வெல் போட்டேன். அவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்த பிறகு, போனில் விளம்பரம் கொடுக்கலாம் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு விளம்பர ஆபீசுக்குப் போனேன்.

அங்கே என் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டது ஆத்தூர் பக்கத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். கடையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

"எத்தனை பேரு பாப்பாங்க?" என்றேன்.

"பாக்கறது பெருசு இல்ல சார். பாத்தவங்கள்ல எத்தனை பேர் அழுத்தறாங்கங்கறதுதான் முக்கியம். செவ்வாப்பேட்டையில ஒரு துணிக்கடை வாசல்ல நூறு பேர் போறாங்க. ரெண்டு பேர் உள்ள வந்தா ரெண்டு சதவீதம். அதைத்தான் க்ளிக் ரேட்டுன்னு சொல்றோம்."

"உள்ள வந்தவன் துணி எடுக்காமப் போனா?"

"அது வேற கணக்கு சார். அதையும் பாக்கணும்."

எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு தாளை நீட்டினார். ஜனங்கள் போனில் எதையெல்லாம் தேடினால் என் விளம்பரம் வர வேண்டும் என்கிற பட்டியல். போர்வெல் போட, போர்வெல் வண்டி, போர்வெல் சேலம் என்று வரிசையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, எங்கூர்ல எவன் போர்வெல்லுங்கறான்? போர் போடறம்பான், போர்ல தண்ணி இல்லம்பான். வெவசாயம் பண்ற காட்டுக்காரன் டைப்பா அடிக்கறான்? போனை வாய்கிட்ட வெச்சுப் பேசுவான். பேசற மாதிரி போடுங்க."

"சார், வெறும் போர்னு மட்டும் போட்டா..."

"எனக்குத் தெரியாதா எந்தொழிலு?"

பேனாவை வாங்கி ஒவ்வொரு வரியிலும் 'வெல்'லைக் கோடு போட்டு அடித்தேன். சில இடத்தில் தாள் கிழிந்தது.

விளம்பரம் ஓட ஆரம்பித்தது. வண்டி நின்றது. ஒரு மாதத்தில் வந்த போன்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒருவன் காலேஜ் பையன். "அண்ணா, போர் அடிக்குதுன்னு போட்டேன், உங்க நம்பர் வந்துச்சு" என்று சிரித்தான். யாரோ ஏஜெண்ட் ஏவி விட்ட ஆள் என்று நினைத்து, எழுத முடியாத வார்த்தையில் திட்டினேன். என் வண்டியில் துளை போடுகிற டிரில்லர், "அண்ணா, ராசிபுரத்துல ஒரு வண்டியில கூப்புடறாங்க" என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான்.

நேராக ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "ஆயிரம் பேர் பாத்தா ஒருத்தர்கூட அழுத்தல சார். க்ளிக் ரேட் ரொம்ப மோசம். இவங்களை இந்த வாரத்தோட நிறுத்திடறேன். போதுமா?" என்றார். போதும் என்றேன். அந்த நிமிஷம் மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது.

கிளம்பும்போது முதலாளி ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். ஜனங்கள் என்ன தேடியபோது என் விளம்பரம் போய் நின்றது என்ற விவரம். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்பதால் வீட்டில் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள்.

"போர் எப்போது முடியும். போர் விமானம். மூன்றாம் உலகப் போர் வருமா. போர் அடிக்குது என்ன செய்வது. ரொம்ப போர் அடிக்குது. ஞாயிற்றுக்கிழமை போர் அடிக்குது." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, இத்தனை பேருக்குப் போர் அடிக்குதாமா. வண்டிதான் சும்மா நிக்குதே, போயி அடிச்சுக் குடுத்துட்டு வாங்க."

நான் சிரிக்கவில்லை. எங்கேயோ நடக்கிற சண்டையைப் பற்றித் தேடுகிறவன் கண்ணில், ஆறரை இஞ்ச் போர் போட்டுத் தருகிறோம் என்று வந்து நின்றால் அவன் எதற்கு அழுத்துவான்? அந்தப் பெண் சொல்ல வந்தது இதைத்தான். நான் அவரை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை. இப்போது அவருக்கு வேலை போகிறது.

"சிரிக்கறியே, அந்தம்மா வேலைக்கு உலை வெச்சுட்டு வந்துட்டேன்" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி, "அப்ப ஊட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?" என்றாள்.

திரும்பிப் போனபோது ஆபீசில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும்தான் கத்தியிருந்தேன், அதனால் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். "தப்பு என்னுது. வெல்லை அடிச்சது நான்" என்றேன்.

முதலாளி விடவில்லை. "இருக்கட்டும் சார். கஸ்டமர் தப்பாச் சொன்னா அவங்கதான தடுத்திருக்கணும்?"

"தடுத்தேன்" என்றார் அந்தப் பெண். டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்து வைத்தார். என் பேனாக் கோடு, கிழிசல், எல்லாம் இருந்தது. "இவரு விடல."

"ஆமா, நான் விடல" என்றேன். "ஒருத்தன் வந்து சத்தம் போட்டான்னு, என்ன ஏதுன்னு கேக்காம ஆளை நிறுத்துவீங்களா? இவங்க இல்லீன்னா என் வெளம்பரமும் இங்க வேண்டாம்."

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டு, "எந்தெந்த வார்த்தை வந்தா நம்ம விளம்பரம் வரக் கூடாது? சொல்லுங்க" என்றார். விமானம், உலகம், அடிக்குது, முடியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வைக்கோல் போரை அவரே சேர்த்தார். தேடும் வார்த்தைகளில் வெல் திரும்ப வந்தது. நான் சொன்ன 'போர் போடணும்', 'போர்ல தண்ணி இல்ல' இரண்டையும் முழுசாக எழுதிக்கொண்டார். "இது நல்ல வார்த்தை சார். எனக்குத் தெரியாது" என்றார்.

முடித்ததும் தாளை என் பக்கம் தள்ளினார். "கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க சார். இனிமே நீங்க எதை அடிச்சாலும் பக்கத்துல கையெழுத்து வேணும்."

போட்டேன்.