பன்னீர் திராட்சையும் லாரி நிழலும்

ஒரகடம் சாலையில் மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து, நின்றிருந்த ஒரு லாரியின் நிழலில் ஒதுங்கியிருந்தோம். நேற்றைய ஓ.டி. இன்னும் என் காலிலேயே இருந்தது. கூட வேலை பார்க்கும் படப்பைப் பெண் மாலதி, பையிலிருந்து பன்னீர் திராட்சையை எடுத்து நீட்டினாள்.

"துன்னுக்கா. வெயில்ல தோலு கருக்காதாம். போன் வீடியோல சொல்றாங்க."

அந்த வாசனை என்னை எங்கள் ஊர் கம்பத்துக்கு இழுத்துப் போய்விட்டது. பள்ளி லீவில் நானும் தோட்டத்துக்குப் போவேன். அம்மா கொடிப்பந்தலுக்கு அடியில் நின்று குலை வெட்டுவாள். அப்பா பழப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வெட்டவெளியில் வேன் வரைக்கும் நடப்பார். அவருடைய இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருக்கும். அதனால் உதிர்ந்த பழங்களை முந்தானையில் துடைத்து அம்மாதான் அவர் வாயில் போடுவாள்.

"செத்த நேரம் நிழல்ல நின்னுட்டுப் போங்க."

"வேன்காரன் கத்துறான்" என்று மென்றுகொண்டே போய்விடுவார்.

எங்கள் வீட்டில் அதிகம் திராட்சை தின்றவர் அப்பாதான். கருகித் தோலுரிந்து கிடந்ததும் அவருடைய பிடரிதான். பந்தலுக்கு அடியிலேயே நின்ற அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை.

மாலதியிடம் இதைச் சொன்னேன்.

"அப்போ இத்த துன்னு இன்னா பிரயோசனம்?"

"பசிக்குத் தின்னு. வெயிலுக்குப் பந்தல்தான் வேணும்."

லாரி உறுமியது. விலகி நின்றோம். அது கிளம்பியபோது நிழலும் கூடவே போய்விட்டது. பஸ் வரவில்லை. சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன்.

மாலதி ஒரு பழத்தைத் துப்பட்டாவில் துடைத்து, என் வாயில் போட்டாள்.