தண்ணீர் ஐம்பத்தைந்து டிகிரி

என் கணவர் மீன் சாப்பிட மாட்டார். நாங்கள் இருவருமே மயிலாப்பூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். இருந்தும் அமெரிக்காவுக்கு வந்து காப்பெலில் வீடு வாங்கிய இரண்டாம் வருஷத்திலிருந்து அவர் சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போனார். இருபது வருஷத்துக்கும் மேலாக அது நின்றதே இல்லை. பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் அவரோடு வேலை பார்த்த நாகர்கோவில்காரர் ஒருவர்தான் பழக்கிவிட்டவர். கிறிஸ்தவர், இவரைவிட ஏழெட்டு வயது சின்னவர், சொந்தமாக ஒரு சிறிய படகு வைத்திருந்தார். ஃப்ரீவேயில் வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஓக்லஹோமா எல்லையில் டெக்சோமா ஏரி. இரண்டு பேரும் விடிவதற்கு முன் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள்.

பிடித்த மீனெல்லாம் நண்பர் வீட்டுக்குப் போய்விடும். இவர் கராஜிலேயே சட்டையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவார். அப்படியும் நான் முகத்தைச் சுளிப்பேன். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் மேல் கோபம். டான்ஸ் கிளாஸ், தமிழ்ப் பள்ளி, யாராவது வீட்டுப் பிறந்தநாள் என்று மகளை ஏற்றி இறக்கியதெல்லாம் நான்தான். சாப்பிடாத மீனை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

“பிடிக்கிறதுக்காகப் போகலம்மா” என்பார். பின்னே எதற்காக என்று நான் கேட்டதில்லை.

மாநில அரசு வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஏரியின் நிலவரத்தையும் இணையத்தில் போடும். தண்ணீர் தெளிவா கலங்கலா, ஃபாரன்ஹீட்டில் எத்தனை டிகிரி, நீர்மட்டம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, எந்த மீன் எந்த ஆழத்தில் கிடைக்கிறது என்று நாலைந்து வரி இருக்கும். காபி குடித்துக்கொண்டே அதைச் சத்தமாகப் படிப்பார், ராசிபலன் படிக்கிற மாதிரி. நான் மிக்ஸியைப் போடுவேன்.

ஒரு ஜூன் மாதக் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் பாத்ரூமில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் பாதி போயின, பேச்சு முழுதாகப் போயிற்று. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. “அதான்.” பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், மகள் சான் ஹோசேயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு அழுதாலும் அதான். நாம் பேசுவது அவருக்கு ஓரளவு புரியும், பதில் சொல்லும் வழிதான் அடைந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அமெரிக்கப் பெண் நல்லவள், பொறுமைசாலி. ஆப்பிள், நாற்காலி, சாவி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். அறுபத்தொரு வயது மனுஷனுக்கு ஆப்பிள் படம் காட்டுகிறார்களே என்று நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

உங்கள் கணவருக்குப் பழக்கமான எதையாவது தவறாமல் வாசித்துக் காட்டுங்கள் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு முதலில் தோன்றியது அந்த ஏரி நிலவரம். ஆகஸ்டில் ஆரம்பித்தேன். ஸ்டிரைப்பர், ஷாட், கேட்ஃபிஷ் என்று எனக்குப் பழக்கமில்லாத பெயர்களில் தடுக்கித் தடுக்கிப் படிப்பேன். முதல் வாரமே சோபாவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்டோபர் வந்தது, நவம்பர் வந்தது. தண்ணீர் எழுபது டிகிரியிலிருந்து அறுபத்து நாலுக்கு வந்தது, அப்புறம் ஐம்பத்தொன்பது. எண் குறையக் குறைய அவருக்கு ஒரு பரபரப்பு. டிசம்பர் முதல் வாரத்தில் ஐம்பத்தைந்து என்று படித்தேன். இடது கையால் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஜன்னல் பக்கம் காட்டினார். எங்கள் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது.

“போகணுமா?” என்றேன்.

“அதான்.”

மகளிடம் சொன்னேன். “அம்மா, ஹி கான்ட் ஈவன் சிட் ஸ்டெடி” என்றாள். நேராக உட்காரவே முடியாதவரைப் படகில் ஏற்றுவதா, இந்தக் குளிரிலா என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனாள். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். நானும் ஆகட்டும் பார்க்கலாம் என்று போனை வைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலையில் அவர் தானாகவே கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உடனே நாகர்கோவில்காரருக்குப் போன் பண்ணினேன்.

அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் மனைவிதான் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. போனில் என் குரலைக் கேட்டதும் அந்தப் பேச்சை அவரே எடுத்தார்.

“அண்ணன அந்தக் கோலத்துல பாக்க எனக்குத் தைரியம் இல்லக்கா. கட்டில்ல இருக்கவரப் பாத்துட்டு வந்து நான் கார்ல இருந்து அழுதேன். தப்புதான்.”

நான் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். காற்று எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தெற்குக் காற்று, மதியத்துக்குமேல் வடக்குக் காற்றாகத் திரும்பும், அதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். “மீன் பிடிக்க லைசென்ஸ் உங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன் அக்கா. தூண்டில் கம்பத் தொட்டா லைசென்ஸ் வேணும்.” நான் எதற்குத் தொடப்போகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மகளிடம் சொல்லவில்லை.

அந்த ஏரியை நான் அதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பிக்னிக்குக்குக்கூடப் போனதில்லை. எதிர்க்கரை தெரியாத அளவுக்குப் பெரிசாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தண்ணீர் இறங்கி, சிவப்பு மண் கரை ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. கோடையில் ஆட்டமும் பாட்டுமாக இருக்குமாம். இப்போது படகுகளுக்கெல்லாம் தார்பாலின் போட்டு மூடியிருந்தார்கள். தூண்டில் இரை விற்கும் கடையில் பாதி விளக்குதான் எரிந்தது. வெளியே தண்ணீரைவிடக் குளிராக இருந்ததால் ஏரியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அவரைப் படகில் ஏற்ற இருபது நிமிஷம் ஆயிற்று. நண்பர் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கினார், நான் வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டினோம், மேலே இரண்டு கம்பளி. படகு நகர்ந்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். வீட்டில் தலையணை வைத்தாலும் ஒரு பக்கம் சரிபவர். இங்கே முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

நண்பர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். குளிர் வந்தால் ஷாட் என்ற சின்ன மீன்கள் கூட்டமாகச் சேரும். ஸ்டிரைப்பர் என்ற பெரிய மீன்கள் கீழேயிருந்து அவற்றை மேலே விரட்டும். அப்போது கடற்காகங்கள் வந்து விழும். பறவை விழும் இடத்துக்குப் படகை விட்டால் மீன். சீசன் முடிகிற நேரத்தில் வேறு வழி கிடையாது, வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று பறவைகள் விழவில்லை. தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. நண்பர் மீன் இருக்கும் ஆழம் காட்டும் கருவியின் திரையைப் பார்த்து, மீன் நாற்பது அடியில் கிடக்கிறது, அசைய மாட்டேன் என்கிறது என்றார். என் கணவர் இடது கையை நீட்டி ஓர் ஓடையின் முகத்துவாரத்தைக் காட்டினார். நண்பர் எதுவும் கேட்காமல் அங்கே விட்டார். ஒன்றும் இல்லை. கிழக்கே ஒரு பாறைக் கரையைக் காட்டினார். அங்கேயும் இல்லை. மூன்றாவதாக அவர் காட்டியது வெறும் நடு ஏரி. அவருக்குத் தெரிந்துதான் காட்டுகிறாரா, கை நீட்ட முடிகிறது என்பதற்காகக் காட்டுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நண்பருக்கும் வந்திருக்கும். “சரிண்ணே” என்று சொல்லி அங்கேயும் போனார்.

பத்தரை மணி இருக்கும். நண்பர் பின்னால் எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். என் கணவரின் இடது கையில் இருந்த தூண்டில் கம்பு சட்டென்று வளைந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். ரீலைச் சுற்ற வேண்டிய வலது கை மடியில் கிடந்தது. அது வரும் என்று அவர் எதிர்பார்த்தார் போல. ஒரு நொடி அந்தக் கையையே பார்த்தார். பிறகு கம்பை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். அடியில் ஓர் உயிர் இழுப்பது என் தோள்வரை வந்தது. பயத்தில் ரீலை வேகவேகமாகச் சுற்றினேன்.

“மெதுவா” என்றார்.

நாக்கு குழறியது, ஆனால் தெளிவாகவே கேட்டது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். “மெதுவா” என்று மறுபடியும் சொன்னார், என்னைப் பார்க்காமல், தண்ணீருக்குள் போகும் தூண்டில் நரம்பைப் பார்த்தபடி. ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது வார்த்தை. என் கைகள் தாமாக நின்றுவிட்டன. நரம்பு தொய்ந்தது, மீன் கழன்று போய்விட்டது.

நண்பருக்கும் கேட்டிருக்கிறது. மோட்டார் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு, “போச்சுங்க, விட்டுட்டேங்க” என்று அழுதேன். என் கணவர் என் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

காற்று, நண்பர் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பியது. பதினொன்றரைக்குள் வடக்கிலிருந்து அலை எழுந்துவிட்டது. சின்னப் படகு, ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் எங்கள் மேல் அடித்தது. நான் அவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கரைக்கு வரும்போது கம்பளிகள் தெப்பமாக நனைந்திருந்தன. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

மூன்று வாரம் கழித்து நிமோனியா வந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்து உணவு நுரையீரலுக்குப் போய்விடும், இது அப்படி வந்தது, குளிரால் வந்ததல்ல என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்டதால்தான் இரண்டாம் தடவை சொன்னார். மகள் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், எப்படி அறிந்தாளோ, ஏரிக்குப் போனீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நனைந்தாரா என்றாள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஜனவரி பாதியில் அவர் போய்விட்டார். ‘மெதுவா’ என்பதை அந்த இடைப்பட்ட நாட்களில் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டுப் போவது உண்டு என்று சொன்னாள்.

சடங்கெல்லாம் முடிந்து மகள் சான் ஹோசேக்குத் திரும்பினாள். வாரா வாரம் பேசினோம், வெயில், வேலை, டாக்ஸ் பேப்பர் என்று. அந்த நாள் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் அவள் குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பரும் படகை எடுப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார். ஒருநாள் அவரே என் வீட்டுக்கு வந்து, நான்தான் காற்றைத் தப்பாகக் கணித்தேன் என்று சொல்லித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். நான் நம்பாத ஒன்றை அவரை நம்பவைக்கப் பார்த்தேன். “உங்க அண்ணன் படகுல என்னதான் பேசுவார்?” என்று கேட்டேன். “ஒண்ணும் பேசமாட்டாருக்கா. மூணு மணி நேரம் சும்மா இருப்பார். அப்பப்ப, நல்லாருக்குல்ல என்பார். அவ்வளவுதான்” என்றார்.

இந்த வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. உதவிக்கு நான் போயிருந்தேன். ஒரு மத்தியானம் குழந்தை தூங்கிய பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், “டெல் மீ அபவுட் தட் டே, அம்மா” என்றாள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தண்ணீர் இறங்கியிருந்தது, ஆவி எழுந்தது, அவர் கை காட்டிய மூன்று இடங்கள், மீன், அவர் சொன்ன வார்த்தை. நனைந்ததையும் மறைக்கவில்லை, உதடு நீலமானதையும். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், “அப்புறம்?” என்றாள், தமிழில்.

“அப்புறம் ஒண்ணும் இல்லடி. கார்ல ஹீட்டர் போட்டோம். அப்பா வழியெல்லாம் தூங்கிட்டே வந்தார்.”

அவள் தலையாட்டினாள். என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.