ஈரமண்ணுக்குப் போட்ட கையெழுத்து

கொட்டகையில் எல்லாரும் அவளைக் கிராம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தாறு வயசில் இப்படி ஒரு பட்டமா என்று கேட்காதீர்கள், அவளுக்கு அது பொருத்தம்தான். ஒரு கிராம் முன்னே பின்னே ஆனாலும் விடமாட்டாள். தராசைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வைப்பாள். தகரக் கூரைக்கு அடியில் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? பார்சல் ஆபீஸ் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் எடை போட்ட பழக்கம் அது. அந்த ஆபீஸை இழுத்து மூடியபிறகுதான் கனிமக் கம்பெனியின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள்.

மலையில் துளை போட்டு எடுத்த மண், உருளை உருளையாகத் தகரத் தட்டுகளில் வரும். சிவப்புக் களிமண். அதற்குள் ஸ்காண்டியம் என்று ஓர் உலோகமும், கூடவே அருமண் உலோகங்களும் இருப்பதாகச் சொன்னார்கள். அலுமினியத்தில் அதைத் துளி சேர்த்தால் விமானம் செய்ய ஆகுமாம், கிலோ விலையைக் கேட்டால் தலை சுற்றுமாம். அந்த மலையின் மதிப்பைக் கணக்கிட நாலு எண்கள் வேண்டும். மொத்தம் எத்தனை கன மீட்டர் மண், ஒரு கன மீட்டர் மண் காய்ந்தால் எத்தனை கிலோ, ஒரு டன் காய்ந்த மண்ணில் எத்தனை கிராம் உலோகம், ஒரு கிராம் என்ன விலை. நாலையும் பெருக்க வேண்டும். இரண்டாவது எண் கிராம் அக்காவின் கையில் இருந்தது. மண் துண்டை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றித் தண்ணீரில் அமுக்கி அதன் கன அளவு பார்ப்பாள். அப்புறம் ஓவனில் ஒரு முழு நாள் காயவைத்து நிறுத்து, ‘உலர்ந்த எடை’ என்ற கட்டத்தில் எழுதுவாள்.

இதில் வீட்டில் அதிகமாகப் பெருமைப்பட்டது மாப்பிள்ளை. மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளும் அவளோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் மெக்கானிக். பதினெட்டு வருஷம் முடிந்திருந்தது, இன்னும் இரண்டு வருஷம் போனால் ஆயுசுக்கும் பென்ஷன். “எங்க அத்தை எடை போட்டா கடவுளே வந்தாலும் திருத்த முடியாது” என்று டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். காதில் விழுந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் பிடிக்கும்.

ஓவன் கெட்டுப்போனது மழைக்காலம் முடிந்த கையோடு. சூப்பர்வைசர், மண் துண்டுகளைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவள் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தாள். வெளியே ஓடு போலக் காய்ந்திருந்தது, உள்ளே கட்டைவிரல் அப்படியே இறங்கியது.

“சார், உள்ள ஈரம் இருக்கு. இதுல கால்வாசி தண்ணிதான். இதை எப்படி உலர்ந்த எடைன்னு எழுதுறது?”

“ஓவனுக்குச் சாமான் கப்பல்ல வருதுக்கா. அதுவரைக்கும் மலையை நிக்கச் சொல்லவா? எழுதுங்க.”

எழுதினாள். முதல் வாரம் பக்கத்திலேயே ‘வெயிலில் காய்ந்தது’ என்று சின்னதாகக் குறித்து வைத்தாள். சூப்பர்வைசர் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு எழுதச் சொன்னார். இரண்டாம் வாரமும் குறித்தாள், அதுவும் கிழிந்தது. மூன்றாம் வாரம் அவள் குறிக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. ஒரு கிராமுக்கு ஊரையே நிறுத்தியவள், கூடை கூடையாகத் தண்ணீரை மண் என்று எழுதினாள். பதினொரு வாரம்.

தலைமை ஆபீஸிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். தன்மையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார். தாள்களைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார்.

“ஏம்மா, இந்தப் பதினொரு வாரத்து மண்ணு மட்டும் கனமா இருக்கே. எல்லாம் ஓவன்ல வச்சதுதானே?”

சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றிருந்தார். அவளைப் போன்ற ஒப்பந்தப் பெண்களில் ஆறு பேரைக் குறைக்கப் போவதாக அந்த வாரம்தான் பேச்சு அடிபட்டது.

“ஆமா சார்.”

“அப்ப இங்க ‘ஓவன்ல காயவச்சது’ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. மலையோட அந்தப் பக்கத்து மண்ணே கனம்னு எடுத்துக்கிறேன்.”

எழுதிப் போட்டாள். அவ்வளவுதான், அரை நிமிஷ வேலை.

அடுத்த மாதம் மலையின் மதிப்பை அறிவித்தார்கள். எத்தனை சைபர் என்று எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்தது. ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. சுரங்கத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஃபோர்மேன் வேண்டும் என்று விளம்பரம் வந்தது, மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தது. டிப்போவில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

மாமியார் நேராக மாப்பிள்ளையிடம் வாதாடுகிற வீடு இல்லை அது. எதுவானாலும் மகள் வழியாகத்தான் போகும். எடை விஷயத்தை மகளிடம் சொன்னாள், மகள் நம்பிக்கையில்லாமல் பார்த்தாள். “நீயே சொல்லும்மா. நான் சொன்னா, ‘உங்கம்மாவுக்கு நான் முன்னேறுறது பொறுக்கலையா’ன்னு கேப்பாரு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசலில் பிள்ளையின் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“மாப்பிள்ளை, ரெண்டு வருஷம் பொறுத்துக்கோங்க. அந்த எடை தப்பு.”

அவர் நிமிர்ந்தார். “எந்த எடை?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஓவன், வெயில், கிழிந்த தாள்கள், மதிப்பீட்டாளர் கேட்ட கேள்வி. மென்று விழுங்காமல் சொன்னாள். அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கம்பெனி எல்லாருக்கும் கொடுத்திருந்த தடித்த அறிக்கையை எடுத்து வந்தார். கடைசிப் பக்கங்களில் எடைத் தாள்களின் நகல் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் ஏற்கெனவே அடையாளம் வைத்திருந்தார்.

“இது யார் கையெழுத்து அத்தை?”

“என்னோடதுதான்.”

“உலர்ந்த எடைன்னு போட்டிருக்கு. ஓவன்ல காயவச்சதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“பொய்யா எழுதினேன் மாப்பிள்ளை.”

அவர் சிரித்துவிட்டார். கிண்டல் இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார். “நீங்க பொய் எடை எழுதுவீங்களா? நிலையான வேலையை விடுறேன்னு பயப்படுறீங்க, அதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்துதான் அத்தை நான் முடிவே பண்ணினேன்.”

அவள் மறுநாளும் சொன்னாள், செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். பிள்ளைகள் மேல் சத்தியம் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது, புதன்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

சுரங்கம் பதினாலு மாதம் ஓடியது. மலையின் அந்தப் பக்கத்து மண் உலர்த்தும் உருளைக்குள் போய் வெளியே வந்தால், லாரிக்கு லாரி கால்வாசியைக் காணவில்லை. சுற்றிப் போட்ட இரும்பு வேலியின் செலவுக்குக்கூடத் தேறவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கம்பெனி எழுந்து போய்விட்டது. சூப்பர்வைசருக்கு வேறு ஊரில் பெரிய பதவி. அவளிடம் யாரும் விசாரிக்கக்கூட வரவில்லை. டிப்போவில் மாப்பிள்ளை இடத்துக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். மகள் இரண்டு வீடுகளில் சமைக்கப் போனாள்.

மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு ஊர் திரும்ப முடியாது. கிளம்பும் அன்று மத்தியானம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா அத்தை?” என்றார், தலையைத் தூக்காமல். “என்கிட்ட மூணு நாள் சொன்னீங்களே. அன்னைக்கு அந்த மனுஷன் கேட்டப்ப ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவர் முடிச்சைப் போட்டுவிட்டு, “விடுங்க, போதும்” என்றார்.